வொரம் பெர்சி: ஒரு நத்தமேட்டில் 40 ஆண்டு

இங்கிலாந்தின் வட யார்க்‌ஷயரில் மால்டன் என்றொரு சந்தை நகரம். அங்கிருந்து தென்கிழக்கே பத்து கிலோமீட்டர் போனால், வோல்ட்ஸ் எனப்படும் சுண்ணக்கல் குன்றுகளின் மேற்கு ஓரத்தில் வொரம் பெர்சி. பெயர் இருக்கிறது, ஊர் இல்லை. வண்டியை மேட்டில் நிறுத்திவிட்டு ஒரு கிலோமீட்டருக்கு மேல் சரிவில் இறங்கி நடக்க வேண்டும். கீழே போய்ச் சேர்ந்தால் கூரை போன ஒரு தேவாலயம், பாதி சரிந்த அதன் கோபுரம், ஒரு குளம், பண்ணையாட்கள் குடியிருந்த பழைய வீடு ஒன்று. இவ்வளவுதான் கண்ணில் படும். மீதி எல்லாம் புல்.

அந்தப் புல்லைச் சாயங்கால வெயிலில் பார்க்க வேண்டும். வெயில் சாய்ந்து விழும்போது நிலம் முழுக்க மேடும் பள்ளமும் எழுந்து நிற்கும். நீள்சதுரமாகத் தெரியும் மேடு ஒவ்வொன்றும் ஒரு வீடு இருந்த இடம். சுற்றி வரப்பு போல ஓடுவது மனை எல்லை. பின்னால் நீண்டு போகும் பட்டை கொல்லை. முன்னால் குழிந்து கிடப்பது தெரு. பல தலைமுறைக் கால்களும் வண்டிச் சக்கரங்களும் தேய்த்த பள்ளம். நம் பக்கத்தில் ‘நத்தமேடு’ என்பார்களே, ஊரிருந்து அழிந்த இடம், அதுவேதான் இது. இங்கிலாந்தில் இப்படிப்பட்ட இடைக்காலப் பாழூர்கள் 3,000-க்கும் மேல் அடையாளம் காணப்பட்டிருக்கின்றன. அவற்றில் வொரம் பெர்சி அளவுக்குப் பொறுமையாக ஆராயப்பட்டது வேறு இல்லை. 1950 முதல் 1990 வரை, கோடைதோறும் இங்கே தோண்டினார்கள்.

பெரிய புதையல் எதற்கும் இந்த இடம் பெயர் பெற்றதில்லை. இந்த அகழாய்வை நான் மதிக்கக் காரணம் வேறு: தான் முதலில் சொன்னதைப் பிறகு தானே திருத்திக்கொள்ள அது கூசவில்லை. வீட்டிலும் சரி, எலும்பிலும் சரி, முதல் பதில் ஒன்று, நின்று நிலைத்த பதில் வேறொன்று.

தேதி தேடி வந்தவர்

1948-இல் இந்தச் சரிவில் இறங்கி வந்தவர் மாரிஸ் பெரஸ்ஃபோர்டு. லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் பொருளாதார வரலாறு கற்பிக்க அந்த ஆண்டுதான் சேர்ந்திருந்தார். தொல்லியல் படித்தவர் இல்லை. பழைய வரிக் கணக்குகளும் நில வரைபடங்களும்தான் அவருடைய களம். ஒரு காலத்து வரிப்பட்டியலில் இருந்து, பிற்பாடு சத்தமில்லாமல் காணாமல் போன ஊர்ப் பெயர்கள் அவரை உறுத்திக்கொண்டே இருந்தன. இங்கிலாந்தில் ஊர்கள் அப்படி அழிவது அபூர்வம் என்றுதான் அன்றைக்குப் பாடம் சொன்னார்கள். தரையைத் தோண்டிக் காட்டினால் ஒத்துக்கொண்டுதானே ஆக வேண்டும்?

ஆக, 1950-இல் தோண்டத் தொடங்கியபோது அவருக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு விஷயம்: இந்த ஊர் எப்போது காலியானது? சுவர் தட்டுப்பட்ட இடத்தைப் பிடித்துக்கொண்டு, அதன் ஓரமாகவே பள்ளம் வெட்டிக்கொண்டு போனார்கள். இன்றைய தொல்லியல் மாணவர் யாரும் செய்யத் துணியாத வேலை அது. அப்படித் தோண்டினால் சுவர் என்னவோ கிடைத்துவிடும். எந்தத் தரை இருந்தபோது அந்தச் சுவர் எழுந்தது என்ற தொடர்பு அறுந்துவிடும். பிறகு யார் வந்தாலும் அதைச் சேர்த்துத் தைக்க முடியாது.

1952-இல் ஜான் ஹர்ஸ்ட் வந்து சேர்ந்தார். இடைக்கால மண்பாண்டத்தில் தேர்ந்தவர், முறையாகத் தொல்லியல் கற்றவர். ஒருவர் ஏடு படிப்பவர், மற்றவர் ஓடு படிப்பவர். இந்த இருவரும் சேர்ந்ததுதான் வொரம் பெர்சியின் அதிர்ஷ்டம் என்பேன். கடைசிக் கோடை வரைக்கும் இரண்டு பேரும் சேர்ந்தே நடத்தினார்கள்.

ஏடு சொன்ன மரணம்

ஊர் ஏன் அழிந்தது என்று கேட்டால் பலரும் யோசிக்காமல் சொல்லும் பதில் கொள்ளைநோய். 1348-49-இல் இங்கிலாந்தைச் சூறையாடிய அந்த நோய் யார்க்‌ஷயரையும் விடவில்லை. ஆனால் நோய் வந்துபோன பிறகும் ஏறத்தாழ 150 ஆண்டு வொரம் பெர்சி பிழைத்திருந்தது. அரசர் எடுத்த 1086-இன் டூம்ஸ்டே நிலக் கணக்கெடுப்பில் இடம்பெற்று, நிலவுடைமையாளரான பெர்சி குடும்பத்தின் பெயரையும் ஒட்டிக்கொண்டு, உச்சத்தில் 40 வீடு அளவுக்கு வளர்ந்திருந்த ஊர், நோய்க்குப் பிறகு மெல்ல மெல்லத்தான் மெலிந்தது.

நோயில் மக்கள் குறைந்ததால் நாடு முழுக்க ஆள் தட்டுப்பாடு. கூலி ஏறியது. சமவெளியில் நல்ல நிலமே ஆளில்லாமல் கிடந்தது. அப்படி இருக்க, குன்றின் மேல் மெல்லிய மண்ணை உழுதுகொண்டிருந்த குடும்பம் ஏன் அங்கேயே இருக்க வேண்டும்? பிழைக்கத் தெரிந்தவர்கள் நல்ல இடம் பார்த்துப் போனார்கள். இன்னொரு பக்கம் கம்பளிக்குக் கிராக்கி. ஒரு நிலத்தை உழுது விதைத்து அறுக்கப் பல குடும்பங்கள் வேண்டும். அதே நிலத்தைப் புல்லாக விட்டால் ஒரு மேய்ப்பரும் நாயும் போதும். பண்ணையாருக்கு எது லாபம் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

1517-இல் அரசரின் முதன்மை அமைச்சர் கார்டினல் வூல்சி ஏற்படுத்திய விசாரணைக் குழு, எங்கெங்கே குடிகளைக் கிளப்பிவிட்டு மேய்ச்சல் நிலம் ஆக்கினார்கள் என்று கணக்கெடுத்தது. வொரம் பெர்சிக்கு எதிரே அது குறித்தது, ஹில்டன் பிரபு நான்கு வீடுகளைக் காலி செய்தார், நான்கு ஏர்கள் நின்றுபோயின என்று. நான்கே வீடு. நாற்பது வீட்டு ஊரின் மிச்சம் அவ்வளவுதான். அந்த நான்கு குடும்பங்களின் பெயரோ, அவர்கள் எங்கே போனார்கள் என்பதோ அந்தக் குறிப்பில் இல்லை. ஏர் எண்ணிக்கை இருக்கிறது. எனக்கு இந்த ஒரு வரியைப் படிக்கும்போதெல்லாம் தொண்டை அடைக்கும்.

பெரஸ்ஃபோர்டின் தேதிக் கேள்விக்கு ஆக விடை கிடைத்துவிட்டது: 1500-ஐ ஒட்டி. அத்தோடு மூட்டை கட்டியிருக்கலாம். அதற்குள் வேறு கேள்விகள் முளைத்துவிட்டன.

பத்தாம் எண் வீடு

அந்தக் காலத்தில் பிரிட்டிஷ் தொல்லியலில் செல்வாக்காக இருந்தது மார்டிமர் வீலரின் முறை. நிலத்தைச் சதுரங்களாகப் பிரித்து, நடுவில் மண்சுவர் விட்டு, ஒவ்வொரு சதுரத்தையும் தனிக் குழியாக இறக்குவது. 1945-இல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் அரிக்கமேட்டை அவர் தோண்டியதை நம்மில் பலர் படித்திருப்போம். கீழடிப் படங்களில் பார்க்கும் சதுரக் குழிகளும் அந்த வழிமுறையில் வந்தவைதான். அடுக்கடுக்காக ஆழம் இறங்கும் இடத்துக்கு அது நல்ல முறை.

வொரம் பெர்சிக்கு அது சரிப்படவில்லை. இங்கே ஆழமே இல்லை. புல்லை உரித்தால் சிறிது மண், அதன் கீழேயே சுண்ணக்கல் பாறை. வீட்டுச் சுவர் என்பது கோணல்மாணலாகக் கிடக்கும் ஓரிரு வரிசைச் சுண்ணக்கல் துண்டுகள். சதுரத்துக்குச் சதுரம் மண்சுவர் விட்டால், தேடி வந்த வீட்டுச் சுவர் அதற்குள்ளேயே ஒளிந்துகொள்ளும். டென்மார்க்கில் ஆக்செல் ஸ்டீன்ஸ்பெர்க் பாழடைந்த கிராமங்களைத் தோண்டிய விதத்தைப் பார்த்து, ஒரு மனை முழுவதையும் ஒரே பரப்பாகத் திறப்பது என்று இங்கே முடிவெடுத்தார்கள். பிரிட்டனில் பின்னாளில் பரவிய திறந்த பரப்பு அகழாய்வுக்கு வொரம் பெர்சி முன்னோடிகளில் ஒன்று. பத்தாம் எண் வீட்டில்தான் அதைப் பழகினார்கள்.

சரி, அந்த வீட்டுக்குள் என்ன இருந்தது?

நீளமான ஒரே வீடு. நடுவில், எதிரும் புதிருமாக இரண்டு வாசல். ஒரு பக்கம் அடுப்பு, மனிதர்கள். மறுபக்கம் மாடுகள். ஒரே கூரை. மூட்டத்துக்கும் குளிருக்கும் நடுவே, மாட்டின் உடற்சூடும் வீட்டுக்குள் தங்கியிருக்கும். தரையைப் பார்த்தபோது ஒரு விஷயம் தோண்டியவர்களை நிறுத்தியது. தரை சமமாக இல்லை, நடுவில் பள்ளமாகத் தேய்ந்திருந்தது. பெருக்கிப் பெருக்கித் தேய்ந்த பள்ளம் என்று அதற்கு விளக்கம் சொன்னார்கள். இடைக்காலக் குடியானவர் அழுக்கிலே புரண்டு வாழ்ந்தார்கள் என்று எவ்வளவு கதை கேட்டிருக்கிறோம்! இங்கே சுண்ணக்கல் தரையில் விளக்குமாற்றின் தடம் இருக்கிறது. பெருக்கிய குப்பை முற்றத்துக்கு வந்து, அங்கிருந்து எருவோடு வயலுக்குப் போயிருக்கிறது. வீட்டுக்குள் அதிகம் பொருள் கிடைக்காததற்கும், உழுத வயலில் பானை ஓடு சிதறிக் கிடப்பதற்கும் அதுவே காரணம்.

சுவர் விஷயத்தில்தான் முதல் பதில் தவறிப்போனது. சுவர்கள் மெலிந்தவை, அடிக்கடி இடம் மாறியவை. எனவே இவை தலைமுறைக்கு ஒரு தடவை இடித்துக் கட்டிய குடிசைகள் என்று முடிவு கட்டினார்கள். பாடநூல்களிலும் அது ஏறியது. 1980களில் ஸ்டூவர்ட் ராத்மெல் அதே குறிப்புகளையும் வரைபடங்களையும் எடுத்து மறுபடி உட்கார்ந்தார். கூரையின் பாரத்தைச் சுவர் தாங்கியது என்று ஏன் வைத்துக்கொள்ள வேண்டும்? யார்க்‌ஷயரில் இன்றும் சில பழைய வீடுகளில் பார்க்கலாம்: வளைந்த பெரிய மரங்களை இரண்டிரண்டாக எதிரெதிரே நிறுத்தி, உச்சியில் பிணைத்து, அவற்றின் மேல் கூரை போட்டிருப்பார்கள். அப்படிக் கட்டிய வீட்டில் சுவர் வெறும் தடுப்பு. ஒரு பக்கம் சரிந்தால் அதை மட்டும் எடுத்துக் கட்டலாம், கூரை அசையாது. இப்படிப் பார்த்தபோது, தலைமுறைக்கு ஒரு குடிசை என்று எண்ணியது, பல தலைமுறை நின்ற ஒரே உறுதியான வீடு, அவ்வப்போது சுவரைச் செப்பனிட்ட வீடு என்று மாறியது. தச்சரை அழைத்து, காசு கொடுத்துக் கட்டிய வீடு. அதற்குள் வாழ்ந்தவரின் அந்தஸ்தும் கூடவே மாறுகிறது.

கல் ஒன்றும் புதிதாகக் கிடைக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். தோண்டியவர்கள் ஒவ்வொரு கல்லையும் எடுப்பதற்கு முன் வரைந்து வைத்திருந்தார்கள். அதனால்தான் தங்கள் முடிவு தப்பு என்று காட்டுவதற்கான சான்றையும் அவர்களே விட்டுப் போக முடிந்தது.

அதே வீட்டுக்குக் கீழே இன்னும் ஒன்று காத்திருந்தது. நன்கு செதுக்கிய கல்லால் கட்டிய நிலவறை. 12ஆம் நூற்றாண்டுப் பண்ணையார் வீட்டின் அடிப்பகுதி. அந்த வீடு கைவிடப்பட்ட பிறகு, அந்த இடத்தில் சுண்ணக்கல் வெட்டி எடுத்து, குழியை மூடி, குடியானவர்களுக்கு மனையாகப் பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள். பண்ணையார் வீட்டுக்கும் முந்தி, அந்த வட்டாரத்தில் ஆங்கிலோ-சாக்சன் காலத்துக் கொல்லர் பட்டறை ஒன்று இயங்கியிருக்கிறது.

அதற்கும் முன்னால் இரும்புக் காலக் குடியிருப்பு, ரோமானியர் காலப் பண்ணைகள். இடைக்கால மனை எல்லைகள் சில, அந்தப் பழைய பள்ளங்களின் போக்கிலேயே போகின்றன. ஒரு வரப்பு ஆயிரம் ஆண்டுக்கு மேல் வரப்பாகவே இருந்திருக்கிறது என்றால், ஊர் மாறி, மொழி மாறி, சாமி மாறியும் யாரோ அதை மதித்து நடந்திருக்கிறார்கள்.

தேவாலயச் சுவர்

புனித மார்ட்டின் தேவாலயம் ஊர் போனபிறகும் பல நூற்றாண்டு வழிபாட்டில் இருந்தது. கடைசி வழிபாடு 1949-இல். பத்தாண்டு கழித்து 1959-இல் ஒரு புயலில் கோபுரத்தின் பாதி விழுந்தது. அதன் பிறகு தேவாலயத்துக்குள்ளும் தோண்டினார்கள். அடியில் 10ஆம் நூற்றாண்டு அளவிலான மிகச் சிறிய மரக் கோயில் ஒன்றின் தடம். அதன் மேல் கல் கோயில். பிறகு இரண்டு பக்கமும் விரிவு.

தோண்டாமலே பார்க்கக்கூடியது ஒன்றும் இருக்கிறது. பக்கச் சுவருக்கு எதிரே நின்று பார்த்தால் கல் வரிசைக்குள் வளைவுகள் தெரியும். முன்பு அவை திறந்திருந்தன. அந்தப் பக்கம் கூடுதல் மண்டபம் இருந்தது. கூட்டம் குறைந்த பிறகு மண்டபத்தை இடித்து, வளைவைக் கல்லால் அடைத்து, அடைத்த கல்லுக்கு நடுவே சன்னலை வைத்திருக்கிறார்கள். ஊர் சுருங்கியது சுவரிலேயே எழுதியிருக்கிறது என்று சொல்லிவிடத் தோன்றும். கொஞ்சம் நிதானிக்க வேண்டும். இது வொரம் பெர்சிக்கு மட்டுமான கோயில் இல்லை. திக்சன்டேல், ரெய்ஸ்தார்ப், டௌதார்ப், பர்டேல் ஆகிய ஊர்களுக்கும் இதுதான் கோயில்; அவற்றில் மூன்று ஊர்களும் சுருங்கின. திக்சன்டேல் மக்கள் 1870-இல் தங்களுக்கென்று கோயில் கிடைக்கும் வரை குன்று தாண்டி இங்கேதான் நடந்து வந்தார்கள்.

பல்லும் எலும்பும்

கோயில் முற்றத்தில் ஏறத்தாழ 700 பேரின் எலும்புகள் கிடைத்தன. கிராமத்து எளிய மக்களின் எலும்பு இந்த அளவுக்கு ஒரே இடத்தில், ஒழுங்காகப் பதிவு செய்யப்பட்டுக் கிடைப்பது அரிது. இவற்றைப் பல ஆண்டு ஆராய்ந்தவர் சைமன் மேஸ்.

குழந்தைகளின் வயதைப் பல்லும், உயரத்தைத் தொடை எலும்பும் சொல்லும். இரண்டையும் சேர்த்துப் பார்த்தபோது, இங்கே 14 வயதுப் பிள்ளையின் உயரம், இன்றைய பத்து வயதுப் பிள்ளையின் உயரத்தைவிடக் கொஞ்சமே கூடுதல் என்று தெரிந்தது. பிறந்து முதல் ஓராண்டில் அந்த இடைவெளி இல்லை. காரணமும் எலும்பிலேயே இருந்தது. நைட்ரஜன் அணுவகைகளின் விகிதத்தைப் பார்த்தால் குழந்தை தாய்ப்பாலில் வளர்ந்ததா என்று கணிக்கலாம். இங்கே தாய்மார் ஒன்றரை ஆண்டு அளவுக்குப் பால் கொடுத்திருக்கிறார்கள். பால் இருந்தவரை பிள்ளை தேறியிருக்கிறது. பால் மறந்த பிறகு ஊரின் வறுமை அதன் எலும்பில் ஏறியிருக்கிறது. உறுதியான வீடு பார்த்து உயர்ந்த மதிப்பை இந்தத் தொடை எலும்புகள் கொஞ்சம் பிடித்து இழுக்கின்றன. இரண்டும் உண்மைதான். கூரை நல்லது, கஞ்சி போதவில்லை.

மூச்சு விஷயத்தில் கிராமத்துக்கு ஒரு ஆறுதல். கன்ன எலும்பின் சைனஸ் அறையில் நாள்பட்ட அழற்சித் தடம் இங்கே 39 சதவீதம் பேரிடம். பக்கத்து யார்க் நகரத்துக் கல்லறை ஒன்றில் 55 சதவீதம். நகரத்துப் புகையும் நெரிசலும் காரணமாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதினார்கள்.

ஒரு மண்டையோட்டை மட்டும் நெருங்கிப் பார்க்கலாம். 40 வயது மதிக்கத்தக்க ஆண், கி.பி. 960-க்கும் 1100-க்கும் இடையில் வாழ்ந்தவர். கனமான எதையோ கொண்டு யாரோ தலையில் அடித்திருக்கிறார்கள். எலும்பு உள்ளே அமுங்கிவிட்டது. இன்னொருவர் தலைத்தோலை விரித்து, நொறுங்கிய சில்லுகளை எடுத்து, மூளை மேலிருந்த அழுத்தத்தைக் குறைத்திருக்கிறார். ஓட்டையின் விளிம்பைப் பார்த்தால் கூர்மை போய் வழவழவென்று மூடியிருக்கிறது. அப்படி மூட மாதங்கள், வருடங்கள் வேண்டும். பிழைத்துவிட்டார்! மயக்க மருந்து இல்லாத காலம், மருத்துவர் இருக்க வாய்ப்பே இல்லாத குன்றுக் கிராமம். அந்தக் கைப்பக்குவம் யாருடையது என்று எந்த ஏட்டிலும் இல்லை. ஊர் ஊராகப் போய் வைத்தியம் பார்த்தவராக இருக்கலாம் என்பது மேஸின் ஊகம்.

இரண்டு வீடுகளுக்கு நடுவே

கோயில் முற்றத்துக்கு வெளியே, ஊருக்குள்ளேயே, வீடுகளுக்கு இடையில் இருந்த குழிகளில் 137 எலும்புத் துண்டுகள் 1960களில் கிடைத்தன. புனித மண்ணில் புதைக்காமல் மனித எலும்பு ஏன் அங்கே? கலைந்துபோன மிகப் பழைய எலும்புகளாக இருக்கும் என்று நினைத்து வைத்துவிட்டார்கள். பெட்டியில் கிடந்தன.

2017-இல் ஹிஸ்டாரிக் இங்கிலாந்து என்ற அரசுத் தொல்சின்ன அமைப்பும் சவுத்தாம்டன் பல்கலைக்கழகமும் சேர்ந்து வெளியிட்ட ஆய்வு அந்த நினைப்பைத் தலைகீழாகத் திருப்பியது. குறைந்தது பத்துப் பேரின் எலும்புகள். சிறு குழந்தை முதல் ஐம்பது தாண்டியவர் வரை. காலம் 11 முதல் 14ஆம் நூற்றாண்டுக்குள் பரவிக் கிடக்கிறது, அதாவது ஒரே நாளில் நடந்த காரியம் இல்லை. இறந்த பிறகு கத்தியால் வெட்டிய கீறல்கள், பெரும்பாலும் தலை, கழுத்துப் பக்கம். உடைத்த தடம், தீயில் காட்டிய தடம். வெளியூர்க்காரர்களை இப்படி நடத்தினார்களா என்று பல்லில் இருந்த ஸ்ட்ரான்ஷியம் என்ற தனிமத்தைச் சோதித்தார்கள்; வளர்ந்த நிலத்தைப் பொறுத்து அது மாறும். இல்லை, இந்த வட்டாரத்திலேயே வளர்ந்தவர்கள்.

பஞ்சத்தில் மனித இறைச்சி தின்றார்களா? அப்படியானால் வெட்டு பெரிய தசைகள் எலும்போடு சேரும் மூட்டுகளில் நிறைய இருந்திருக்க வேண்டும். கழுத்தில் குவிந்திருப்பது அதற்குப் பொருந்தவில்லை. ஆய்வாளர்கள் சாய்ந்த விளக்கம் வேறு: இறந்தவர் எழுந்து வந்து நோயும் சாவும் கொண்டுவருவார் என்ற பயம். அப்படிப்பட்டவர் நடமாடாதபடி பிணத்தைத் தோண்டி எடுத்து, தலையை வெட்டி, எரித்துவிட வேண்டும் என்று இடைக்கால இங்கிலாந்தின் எழுத்துகளில் குறிப்புகள் உண்டு. 12ஆம் நூற்றாண்டு யார்க்‌ஷயரிலேயே அப்படி எழுதிவைத்திருக்கிறார்கள். ஏட்டில் இருந்த நம்பிக்கைக்கு எலும்பில் சான்று கிடைத்தது இங்கிலாந்தில் இதுவே முதல் தடவை என்று ஆய்வாளர்கள் கருதினார்கள். நடந்தது அதுதான் என்று அடித்துச் சொல்லவும் இல்லை. அந்த நிதானம் எனக்குப் பிடித்திருக்கிறது.

ஒரு விஷயம் மனதை விட்டுப் போகவில்லை. அந்த பத்துப் பேரையும் தெரிந்தவர்கள்தான் இதைச் செய்திருக்கிறார்கள். அண்டை வீட்டுக்காரர், உறவுக்காரர். தரை தேயும் அளவுக்கு வீட்டைப் பெருக்கியவர்கள், ஒன்றரை ஆண்டு பால் கொடுத்தவர்கள் வாழ்ந்த அதே ஊர்.

அகழாய்வு 1990-இல் நின்றது. அறிக்கைகள் 13 தொகுதிகளாக வந்தன. பெரஸ்ஃபோர்டு, ஹர்ஸ்ட் இருவரும் இன்று இல்லை. தோண்டிய இடம் ஊரின் சிறு பகுதிதான்; பெரும்பாலான வீட்டு மேடுகளின் புல்லைக்கூட யாரும் உரிக்கவில்லை. காந்த அளவீட்டுக் கருவிகளை வைத்து மேலிருந்தே உள்ளே கிடக்கும் பள்ளங்களை வரைந்திருக்கிறார்கள். இப்போது இடம் தொல்சின்னங்களைக் காக்கும் இங்கிலிஷ் ஹெரிடேஜ் அமைப்பின் பராமரிப்பில் இருக்கிறது, நுழைவுக் கட்டணம் இல்லை. மேடுகளுக்கு நடுவே ஆடுகளும் மாடுகளும் மேய்கின்றன.